மோட்டார் ஓடுதுன்னு போன் சொல்லுது, தண்ணி எங்க போகுது?

பல்லடம் விவசாயி:
ஒரு ஏக்கர் வாழை, மிச்சம் தென்னை. எங்க லைன்ல த்ரீ ஃபேஸ் கரண்ட் முறை வெச்சுத்தான் வரும். ராத்திரி முறைன்னா ஒரு மணிக்கு எந்திரிச்சு டார்ச்சோட வரப்புல நடக்கணும். ஒருநாள் ஸ்டார்ட்டர் பொட்டிக்குள்ள கட்டுவிரியன் சுருண்டு கெடந்துச்சு. அடுத்த வாரமே சிம் போடற செல் ஸ்டார்ட்டர் மாட்டிட்டேன்.

கரண்ட் வந்தா அதுவே கூப்புட்டுச் சொல்லும். படுத்துக்கிட்டே நம்பர் அமுக்குனா மோட்டார் ஓடும். ஒரு ஃபேஸ் போனாலும், போர்ல தண்ணி வத்தி ஆம்பியர் எறங்குனாலும் தானா நின்னுக்கும். முன்னாடி மோட்டார் எரிஞ்சு ரெண்டு தடவ காயில் கட்டுனவன், அதுக்கப்புறம் கட்டலைங்க.

மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் நாலு நாள் தோட்டத்துப் பக்கமே வரல. டெய்லி போன்லயே போட்டேன், 'மோட்டார் ஓடுகிறது'ன்னு அந்தப் பொண்ணு குரலும் சொல்லுச்சு. வந்து பார்த்தா மேக்கால வரிசை வாழை எலையெல்லாம் மடிஞ்சு தொங்குது, கெழக்க முழங்கால் சேறு. சொட்டுநீர்க் குழாய்களுக்குத் தண்ணி பிரிச்சு விடற சப்மெயின் பைப்புக் கடைசில இருந்த மூடி கழண்டு, சொட்டுக்குப் போக வேண்டிய தண்ணியெல்லாம் ஒரே எடத்துல கொட்டியிருக்கு. ஸ்டார்ட்டர் ஆம்பியரத்தான பார்க்கும், தண்ணி எங்க போகுதுன்னு அதுக்கு எப்புடித் தெரியும்!

கோபி கரும்பு:
அண்ணா, ஃபில்டருக்கு அடுத்து ஒரு பிரஷர் சென்சார் மாட்டுங்க. பைப்புல தண்ணி பிரஷர் ஒரு கிலோவுக்குக் கீழ எறங்குனா எனக்கு மெசேஜ் வந்துரும். ஆனா மண் ஈர சென்சார்ல நானும் ஏமாந்தேன். வாய்க்கா ஓரமா நட்டுட்டேன், எப்பப் பார்த்தாலும் 'ஈரம் போதும்'னே காட்டும். மேட்டுல கரும்பு சுருண்டுருச்சு. இப்ப கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் கொண்டுவந்த கைக்கருவிதான். சிம்மும் இல்ல, ஆப்பும் இல்ல. மண்ணுல குத்துனா நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்புன்னு லைட்டு எரியும். சிவப்புன்னா உடனே தண்ணி விட்டாகணும். பத்து எடத்துல குத்திப் பார்த்துட்டு வருவேன்.

சேலத்துக்காரன்:
சிம்முக்கு ரீசார்ஜ் போட மறந்துராதீங்க. நான் மோட்டாரப் போட்டுட்டு வெளியூர் போன அன்னிக்கு வேலிடிட்டி முடிஞ்சுபோச்சு. நிறுத்தலாம்னா கால் போகல. பக்கத்துக் காட்டு எள்ளுல ராத்திரி பூரா தண்ணி நின்னு, செடி மஞ்சளாயிருச்சு. அவரு என்கூட இன்னும் பேசறதில்ல.

பல்லடம் விவசாயி:
அய்யோ, எள்ளுக்குத் தண்ணி நின்னா ஆகாதே! நான் இப்போதைக்கு மூடியக் கம்பி போட்டுக் கட்டியிருக்கேன். கோபி தம்பி, அந்த பிரஷர் சென்சார் என்ன வெல ஆச்சு?