சீனர்கள் பேசும் ஆங்கிலம்: உங்களுக்கு மறக்காத ஒரு சம்பவம்?

ஷென்சென்வாசி:
உடன் வேலை பார்க்கும் அக்கா, மதியச் சாப்பாட்டில் மாமியார் கதை சொல்லிக்கொண்டிருந்தார். 'ஹீ' குளியலறையில் விழுந்தார், 'ஷீ' ஆம்புலன்ஸில் போனார், 'ஹீ' அழுதார். எல்லாம் அந்த ஒரே மாமியார்தான். சீனத்தில் அவன், அவள் இரண்டுக்கும் பேச்சில் 'தா' மட்டுமே, எழுத்தில்தான் வேறுபாடு. இது தெரியாமல் நம்மூர்ப் பையன் ஒருவன், "மாமனாருக்கு இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டான். அக்கா சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, "ஹீ டை. லாங் டைம்" என்றார். அப்புறம் யாரும் பேசவில்லை.

ஈவூ பார்சல்:
எங்களுக்கு நம்பரில்தான் அடி. ஃபேன்ஸி பொருள் ஆர்டர், மொத்தம் 'தர்ட்டி தௌசண்ட்' யுவான் என்றார் ஏஜென்ட். கடைக்காரம்மா கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்: 3,00,000. அவர்கள் பத்தாயிரத்தை அலகாக வைத்து எண்ணுகிறவர்கள், அதற்குப் பெயர் 'வான்'. 30 வான் என்பதை ஏஜென்ட் ஆங்கிலத்தில் 30 தௌசண்ட் ஆக்கிவிட்டார். அந்தம்மா நகத்தால் கண்ணாடியில் டக் டக்கென்று தட்டிய சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.

வார்டு எண் மறந்தவள்:
எம்.பி.பி.எஸ். நான்காம் வருடம். நோயாளியைக் காட்டிப் பேராசிரியர் சொன்னதை நாங்கள் எல்லோரும் 'கேன் ஈட்' என்றே நோட்டில் எழுதினோம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, நர்ஸ் ஓடிவந்து நோயாளியின் மனைவி கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைப் பிடுங்கினார். மறுநாள் அறுவை சிகிச்சையாம். சார் சொன்னது 'கான்ட்'. மான்டரினில் எந்தச் சொல்லும் 'ட்' என்று முடியாது, அதனால் கடைசி எழுத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

காவேரிக்கரை:
ஈவூ அண்ணே, நீங்கள் சொன்னது ஆங்கிலத் தப்பே இல்லை, கணக்குத் தப்பு. நாம் கோடியை மில்லியனாக்கும்போது விரல் விட்டு எண்ணுவதில்லையா? என் கதை சின்னது. "சரக்கு இன்னும் அனுப்பலையா?" என்று சீன சப்ளையரிடம் ஆங்கிலத்தில் கேட்டோம். "யெஸ்" என்றார். எங்கள் மேனேஜர் அதை நம்பிப் பார்ட்டிக்கு "கிளம்பியாச்சு" என்று சொல்லிவிட்டார். இத்தனைக்கும் தமிழில் நாமும் "ஆமாம், அனுப்பலை" என்றுதானே சொல்கிறோம்!

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 'இல்லையா' போட்டுக் கேட்காதீர்கள். தேதி கேளுங்கள். அதிலும் வினைச்சொல்லை நம்பாதீர்கள். சீனத்தில் வினை காலத்துக்கேற்ப மாறாது, ஆகவே நேற்று அனுப்பினாலும் 'ஐ ஷிப்', நாளை அனுப்பினாலும் 'ஐ ஷிப்'. 'யெஸ்டர்டே' வருகிறதா, 'டுமாரோ' வருகிறதா என்று மட்டும் பாருங்கள். தொகையை வீசாட்டில் (அவர்களுடைய மெசேஜ் ஆப்) எல்லாப் பூஜ்யத்தோடும் எழுதி வாங்குங்கள். 1 வான் 10,000. 1 யீ 10 கோடி. லாரி நம்பர் கேட்டால் இன்னும் நல்லது, போட்டோவும்...

ஈவூ பார்சல்:
தம்பி, கணக்குத் தப்போ ஆங்கிலத் தப்போ, 30 சதவீத அட்வான்ஸுக்கு 9,000 எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அந்தம்மா 90,000 கேட்டார்.