புதுப்பிப்பு: இன்சூரன்ஸ் இல்லாத கார் இடித்த விபத்து, வக்கீல் வைத்துவிட்டோம்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் சிக்னலில் நின்றிருந்த தம்பியின் காரைப் பின்னாலிருந்து இடித்தவருக்கு இன்சூரன்ஸே இல்லை, வக்கீல் வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வைத்துவிட்டோம். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

தம்பியின் கார் பாலிசியிலேயே 'அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட்' கவரேஜ் இருக்கிறது, அதாவது இன்சூரன்ஸ் இல்லாதவர் இடித்தால் நம் பாலிசியே ஈடு தரும். கலிஃபோர்னியாவில் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அதை நீக்குவார்கள். ஆகவே பணம் கேட்பது நம் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே. ஒத்துவராவிட்டால் ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் பதில் நடுவர் தீர்ப்பு. தவறு நம் மேல் இல்லாததால் பிரீமியத்தை ஏற்றக்கூடாது.

சரி, ஃபீஸ். முன்பணம் இல்லை, கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு. ஒப்பந்தத்தில் நான் உன்னிப்பாகப் பார்த்தது ஒரு வரியைத்தான்: பங்கு பிரிப்பது செலவைக் கழித்த பிறகா, அதற்கு முன்பா? 30,000 டாலர் வந்து, மருத்துவ ரெக்கார்டு வாங்குவது போன்றவற்றுக்கு 3,000 செலவானால், கழித்த பிறகு ஃபீஸ் 9,000. முன்பு என்றால் 10,000. அவர்கள் முதலில் நீட்டிய தாளில் 'முன்பு' என்றிருந்தது. கேட்டதும் மாற்றித் தந்தார்கள். ஃபீஸ் பேசித் தீர்மானிக்கக்கூடியது என்று இப்படிப்பட்ட ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும், இங்கே அது சட்டம். தயங்காமல் பேசுங்கள்.

அப்புறம், ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனி, தான் கட்டிய மருத்துவ பில்லை நமக்குக் கிடைக்கும் பணத்திலிருந்து திருப்பிக் கேட்கலாம். அதைக் குறைத்துப் பேசுவதும் வக்கீல் பொறுப்பு என்று எழுதி வாங்கினோம்.

தம்பிக்குக் கழுத்துவலி குறைந்து வருகிறது. பிசியோதெரபி முடியும்வரை செட்டில்மென்ட்டில் கையெழுத்துப் போடப்போவதில்லை. ஆனால் விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் முறைப்படி ஆர்பிட்ரேஷன் கோரிவிட வேண்டும். அந்தக் கடிதத்தை வக்கீல் இப்போதே தயார் செய்கிறார்.