புதுப்பிப்பு: எங்கள் வீட்டுத் திருவருகைக் காலம், மூன்று வாரம் கழித்து

பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் கேக், ஸ்டார், புதுத்துணி என்றாகிவிட்டது, இந்த முறை வீட்டில் திருவருகைக் காலத்தை (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய ஆயத்தக் காலம்) ஒழுங்காகக் கடைப்பிடிக்கப் போகிறோம் என்று நவம்பர் கடைசியில் எழுதியிருந்தேன். என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்தி ஏற்றும் திருவருகைக் கால வளையத்தைப் பனை ஓலையில் முடைந்தோம். ராமேஸ்வரம் தீவில், எங்கள் தங்கச்சிமடத்தில் ஓலைக்கா பஞ்சம்? ஊதா மெழுகுவர்த்தி மூன்று கிடைத்தது, மூன்றாம் ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறுக்கான ரோஸ் கிடைக்கவில்லை. வெள்ளையில் ரோஸ் ரிப்பன் சுற்றினேன். ரிப்பன் தீப்பற்றிக்கொண்டது, சரி விடுங்கள்.

தினசரி செபம்தான் சறுக்கல். காற்று எழும்பி மீன்பிடிப் படகு போகாத நாளில் வீட்டுக்காரர் இருப்பார், எல்லோரும் உட்காருவோம். மற்ற நாளில் பாதிப் பேர் தூக்கம்.

கிறிஸ்துமஸ் குடில்தான் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. ஒரு நல்ல காரியத்துக்கு ஒரு வைக்கோல், பாலன் இயேசுவைக் கிடத்தப்போகும் காலியான தீவனத்தொட்டியில். மூத்தவன் தங்கச்சியிடம், "நீ அழு, நான் சமாதானப்படுத்துறேன்" என்று பேரம் பேசி வைக்கோல் சேர்த்தான்! 1223இல் புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியின் கிரேச்சியோ ஊரில் நிஜ மாடும் கழுதையும் நிறுத்திக் குடில் அமைத்ததைச் சொன்னேன். அப்போதிருந்து நம்ம ஆட்டையும் கட்டலாம் என்கிறான்.

பாலன் இயேசு இன்னும் அலமாரியில். 24ஆம் தேதி இரவுத் திருப்பலி முடிந்து வந்துதான் கிடத்துவோம். சின்னவள் தினமும் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறாள்.