நார்கொண்டம்: எரிமலை மேல் ஒரு காடு

அந்தமானின் பாரன் தீவு எரிமலையின் புகையைக் கப்பலிலிருந்து பார்த்ததாக ஓர் அண்ணன் இங்கே எழுதியிருந்தார். அதற்கு வடக்கே, அந்தமான் கடலில் தனியாக நிற்கும் நார்கொண்டம் தீவைப் பற்றி நான் சொல்கிறேன். இருவாச்சி என்ற பெரிய அலகுப் பறவையின் ஆய்வுக்குப் போனவர்களுக்கு உதவியாளாகப் போய்ச் சில நாள் தங்கியிருந்தேன்.

இதுவும் எரிமலைதான், ஆனால் வெடித்ததாக வரலாற்றில் பதிவே இல்லை. பரப்பு சுமார் 7 சதுர கிலோமீட்டர்தான். உச்சி 710 மீட்டர். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தாலே சரிவு எப்படி இருக்கும் என்று தெரியும். சமதளம் என்றால் கரையோரம் ஒரு துண்டு நிலம்தான். அங்கே 1969 முதல் போலீஸ் அவுட்போஸ்ட் இருக்கிறது, வேறு குடியிருப்பு கிடையாது. கப்பல் தள்ளியே நிற்கும். டிங்கி என்ற சிறு படகில் வந்து, அலை பின்வாங்கும் நேரம் பார்த்து உருண்டைக் கற்கள் மேல் குதிக்க வேண்டும்.

அவுட்போஸ்ட் பக்கத்துத் தென்னை, வாழையைத் தாண்டினால் உடனே ஏற்றம். பழைய எரிமலைப் பாறை உதிர்ந்து கிடக்கும். மழை பெய்துவிட்டால் மண்ணும் காலோடு வழுக்கி வரும், வேரைப் பிடித்துத்தான் ஏற முடியும். மேலே போகப் போகக் காடு ஈரமாகிறது, மரமெல்லாம் பாசி, மேகம் உள்ளேயே புகுந்து போகிறது. எரிமலை வாயைத் தேடிப் பயனில்லை. மழை அரித்து அரித்து அது உருத்தெரியாமல் போய்விட்டது.

இருவாச்சியைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் இறக்கைச் சத்தம்தான் காதில் விழும். அண்ணாந்து பார்த்தால் அத்தி மரம் முழுக்க அவைதான்! ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண்ணுக்குக் கறுப்பு, இரண்டுக்கும் வால் வெள்ளை. பெண் கூடான மரப்பொந்துக்குள் அடைந்து கிடக்க, ஓர் ஆண் சிறு பிளவு வழியாகப் பழம் ஊட்டிக்கொண்டிருந்தது. நகரவே மனம் வரவில்லை. உலகத்தில் நார்கொண்டம் இருவாச்சி என்ற இந்த இனம் இருப்பது இந்த ஒரு மலையில் மட்டும்தான்.

அதனால்தான் இந்தத் தீவில் கடலோரக் காவல்படைக்கு ரேடார் அமைக்கும் திட்டம் எனக்குப் பெரிய கவலை. 2012-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது, 2014-ல் அனுமதி கொடுத்தார்கள். பொந்து விழும் அளவுக்குப் பருத்த மரம் வளரத் தலைமுறைகள் ஆகும். அதை வெட்டினால், பறவை பறந்துபோய்க் கூடு கட்ட இன்னொரு தீவு இல்லை.

சுற்றுலாவாகப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு: முடியாது. அது சரணாலயம், அனுமதியில்லாமல் இறங்கக்கூடாது. அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் விருப்பமும்.