அடைப்பு இல்லை, ஆனாலும் இதயக் குழாய் சுருங்குகிறது. ஏன்?

விடியல்நேரம்:
என் கணவருக்கு 52 வயது. மூன்று மாதமாக விடியற்காலை நான்கு மணி வாக்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். பகலில் மாடி ஏறினால்கூட ஒன்றும் செய்வதில்லை. ஆஞ்சியோகிராமில் சொல்லும்படியான அடைப்பு இல்லை. அப்புறம் இதயக் குழாய்க்குள் அசிட்டைல்கோலின் என்ற மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். அந்தப் படத்தை எனக்கும் காட்டினார்கள்: இதயத்தின் முன்பக்கம் இறங்கும் முக்கியக் குழாயான எல்ஏடி நடுவில் நூலாக மெலிந்துபோயிருந்தது. அதே வலி வந்திருக்கிறது. நைட்ரோகிளிசரின் கொடுத்ததும் பழையபடி விரிந்துவிட்டது. "குழாயின் உள்படலம் பழுதாகியிருக்கிறது" என்றார் மருத்துவர். அசிட்டைல்கோலின் குழாயை விரிக்கும் என்றுதான் படித்தேன். விரிக்க வேண்டியது எப்படிச் சுருக்கியது?

ஆய்வகவாசி:
மருந்தியல் ஆய்வகத்தில் பல வருடம் இருந்தவன் நான். இதை என் கையாலேயே செய்து பார்த்திருக்கிறேன். முயலின் பெருந்தமனியிலிருந்து ஒரு வளையம் வெட்டி, 37 டிகிரி உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, முதலில் ஒரு மருந்தால் இறுக வைப்போம். அடுத்து அசிட்டைல்கோலின் விட்டால் வளையம் தளரும். இன்னொரு வளையத்தின் உள்பக்கத்தை மட்டும் மெல்லத் தேய்த்துவிட்டு அதே மருந்தை விட்டால், தளராமல் இன்னும் இறுகும். இறுக்கத்தைப் பதிவு செய்யும் கோடு எதிர்த்திசையில் ஏறுவதை முதல் தடவை பார்த்தபோது நானே மருந்தை மாற்றி ஊற்றிவிட்டேனோ என்று பாட்டிலை எடுத்துப் பார்த்தேன்.

தேய்த்ததில் போனது ஒரே ஒரு செல் தடிமனுள்ள எண்டோதீலியம், அதாவது உங்கள் மருத்துவர் சொன்ன உள்படலம். அசிட்டைல்கோலின் பட்டதும் அதுதான் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்கி, கீழே உள்ள தசையைத் தளர்த்துகிறது. படலம் கெட்டால் அந்த வாயு குறையும். அசிட்டைல்கோலின் தசையை நேரடியாக இறுக்கும் வேலை மட்டும் மிஞ்சும். 1980ல் ஃபர்ச்காட்டும் சவாட்ஸ்கியும் இதை வெளியிட்டார்கள். நைட்ரிக் ஆக்சைடு ஆய்வுகளுக்காக ஃபர்ச்காட் உட்பட மூவருக்கு 1998ல் நோபல் பரிசு. மனிதர்களின் கொழுப்புப் படிந்த இதயக் குழாய்களும் இப்படியே சுருங்குவதை 1986ல் காட்டினார்கள்.

நைட்ரோகிளிசரினுக்குப் படலத்தின் தயவு வேண்டாம். தசைக்குள்ளேயே நைட்ரிக் ஆக்சைடாக மாறிவிடும். அதனால்தான் உங்கள் கணவருக்குக் குழாய் உடனே விரிந்தது.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த அளவுக்கு இழுத்துப் பிடிக்கிறது என்றால் படலத்தோடு தசையும் அளவுக்கு மீறித் துடிப்பாக இருக்கும். இந்த நோய்க்குக் கொடுக்கும் கால்சியம் தடுப்பு மாத்திரை அந்தத் தசையைத் தளர்த்தத்தான்.

நான்குமணிக்காரன்:
அம்மா, எனக்கும் இதே நோய்தான். ஆறு வருடமாகிறது. முதலில் வேறொரு இடத்தில் ப்ரோப்ரனலால் கொடுத்தார்கள், வலி கூடியது. பீட்டா தடுப்பு மருந்துகளில் சில இந்த இறுக்கத்தை அதிகமாக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது இரவு படுக்கும் முன் டில்டியாசெம் என்ற கால்சியம் தடுப்பு மாத்திரை போடுகிறேன். அவர் சிகரெட் பிடிப்பாரா? நான் பிடித்தேன். நிறுத்திய பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் மாத்திரை வைத்தும் ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

விடியல்நேரம்:
பிடிப்பார். உள்படலத்துக்கும் சிகரெட்டுக்கும் அவ்வளவு சம்பந்தமா?

ஆய்வகவாசி:
நேரடிச் சம்பந்தம். புகையில் வரும் வேதிப்பொருட்கள் நைட்ரிக் ஆக்சைடு தசையைப் போய்ச் சேருவதற்குள் அதை அழித்துவிடுகின்றன. படலத்தின் செல்கள் உயிருள்ளவை. புகையை நிறுத்தினால் அவை தேறிவர வாய்ப்பு உண்டு. அவரிடம் இன்றைக்கே பேசுங்கள்.