பின்னால நாற்காலி போட்டு உக்காந்தா அது லெசன் ஸ்டடியா?

செந்தூல் டீச்சர்: நேத்து இங்க ஒருத்தர் பெருமையா எழுதியிருந்தாரு, அவங்க பள்ளியில லெசன் ஸ்டடி (ஆசிரியருங்க சேர்ந்து ஒரு பாடத்தைத் தயாரிச்சு, ஒருத்தர் நடத்த மத்தவங்க பார்த்து, அப்புறம் பேசித் திருத்துறது) பிரமாதமா நடக்குதாம், மூனு ஆசிரியருங்க வகுப்புக்குப் பின்னால நாற்காலி போட்டு உக்காந்து பாடத்தைப் பார்த்தாங்களாம். பின்னால உக்காந்தா புள்ளைங்க பின்னந்தலைதான் தெரியும். 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டி 2/5ன்னு தப்பா எழுதுற புள்ளைய எப்படிக் கண்டுபுடிப்பீங்க? பார்க்க வேண்டியது புள்ளைங்கள, டீச்சரோட புடவைய இல்ல.

பினாங்குக்காரன்: அந்த ஒருத்தர் நான்தான் டீச்சர், நேராவே திட்டலாம். நாலு பேரு சேர்ந்து பாடம் தயாரிச்சோம், ஒருத்தர் நடத்தினாரு, அப்புறம் உக்காந்து பேசி, திருத்தி, வேற வகுப்புல மறுபடி நடத்தினோம். அதெல்லாம் கண்ணுல படல, நாற்காலி மட்டும் பட்டுச்சா?

செந்தூல் டீச்சர்: ஆமா, நாற்காலிதான் விஷயம். ஜப்பான்ல நூறு வருஷத்துக்கு மேல செய்யுறாங்க, பார்க்க வர்றவங்க சுவரோரமா நின்னு, மேசை மேசையா எட்டிப் பார்த்து எழுதுவாங்க. நீங்க கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க.

சுண்ணாம்புக்கட்டி: எங்க உக்காந்தா என்ன லா, கடைசியில படம் புடிச்சி ஒரு பக்க ரிப்போட் எழுதி வாட்சப் குரூப்புல தள்ளுறதுதானே. ஆசிரியருங்க குழுவா சேர்ந்து கத்துக்கணும், அதுக்குப் பேரு பிஎல்சின்னு என்னைக்கு ஆரம்பிச்சாங்களோ அன்னையிலேர்ந்து பார்க்குறேன், பேனர் மட்டும்தான் மாறுது.

புதுஆசிரியை: லெசன் ஸ்டடியும் பிஎல்சியும் ஒன்னா? யாராச்சும் சொல்லுங்களேன்

பினாங்குக்காரன்: எங்க வகுப்புல 11 புள்ளைங்கதான். சுத்தி நின்னா பயந்து வாயே திறக்காது.

செந்தூல் டீச்சர்: 11 புள்ளைக்குப் பின்னால உக்கார எடம் வேறயா? மைதானத்துல பாடம் நடத்துனீங்களா?

பினாங்குக்காரன்: செந்தூல்ல இருக்குற கோலாலம்பூர்க்காரங்க எங்களுக்குச் சொல்லித் தர வேணாம். 1816லயே பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல தமிழ் வகுப்பு வந்தாச்சு, அப்ப கோலாலம்பூர்னு ஒரு ஊரே கெடையாது.

செந்தூல் டீச்சர்: அப்போலேர்ந்தே பின்னாலதான் உக்காந்திருக்கீங்க போல.

சுண்ணாம்புக்கட்டி: 😂

பினாங்குக்காரன்: நீங்க சிரிக்காதீங்க சார், போன வருஷம் புதிர்ப்போட்டி மார்க்ல நீங்க செஞ்சத நான் இன்னும் மறக்கல.

சுண்ணாம்புக்கட்டி: அது கூட்டல்ல வந்த தப்பு, நூறு தடவ சொல்லிட்டேன்.

செந்தூல் டீச்சர்: பேச்ச மாத்தாதீங்க. அடுத்த தடவ நாற்காலி எங்க?

பினாங்குக்காரன்: பின்னாலதான். இன்னும் ரெண்டு கூடப் போடுவேன்.