மியூனிக்கிலிருந்து ஒரே நாளில் மூன்று கோட்டை ஊர் முடியுமா?

காட்பாடிக்காரன்:
செப்டம்பரில் நானும் வீட்டுக்காரியும் மாமியாரும் ஜெர்மனியில் மியூனிக்கில் இருக்கும் பையனிடம் போகிறோம். ரோத்தன்பர்க், டிங்கெல்ஸ்பூல், நோர்ட்லிங்கன் மூன்றையும் ஒரே நாளில் காட்டுகிறேன் என்கிறான், கார் இல்லை, ரயில்தான். அவன் ஓடுவான். மாமியாருக்கு 71 வயது, முழங்கால் வலி, வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோவிலுக்குப் போவதற்குள்ளேயே இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவார். நடக்கிற காரியமா இது?

பாலாற்றங்கரை:
வேண்டாம் சார். ஆக்ஸ்பர்க்கில் நாலு வருஷம் இருந்தவன் சொல்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு ஊர்தான். ரோத்தன்பர்க்குக்கு மட்டுமே போக மூன்று மணி நேரம் பிடிக்கும், கடைசியில் ஸ்டைனாக் என்கிற குட்டி ஜங்ஷனில் இறங்கி இன்னொரு சின்ன ரயில் பிடிக்கணும், டிங்கெல்ஸ்பூலுக்குப் பஸ்ஸை நம்பித்தான் போகணும். பேசாமல் நோர்ட்லிங்கன் போங்கள். டோனாவொர்த்தில் ஒரு தடவை மாறினால் சுமார் இரண்டு மணி நேரம், வழியில் ஹார்பர்க் கோட்டை ஜன்னலிலேயே தெரியும். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு முன் விண்கல் விழுந்த பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிற ஊர் அது. 1970இல் அப்போலோ 14 விண்வெளி வீரர்கள் பாறை பார்த்துப் பழக அங்கேதான் வந்தார்கள்! ஊரைச் சுற்றிய மதில் இரண்டே முக்கால் கிலோமீட்டருக்கு அறுபடாமல் இருக்கிறது, மேலே ஓட்டுக்கூரை போட்டிருப்பதால் மழையிலும் நடக்கலாம். நீங்களும் பையனும் சுற்றி வாருங்கள், அம்மா சர்ச் வாசலில் உட்காரட்டும். அந்த சர்ச் கோபுரத்துக்கு 350 படி, அம்மாவை ஏறவிடாதீர்கள்.

டிக்கெட்டுக்கு பயர்ன் டிக்கெட் போதும், அந்த மாநிலத்துக்குள் ஒரு நாள் சுற்றுகிற ரயில் சீட்டு அது, ஐந்து பேர் வரை ஒரே சீட்டு. ஆனால் வார நாளில் காலை ஒன்பதுக்கு அப்புறம்தான் செல்லும், ஐசிஇ மாதிரி வேக ரயிலில் ஏறக் கூடாது. அதனால் சனிக்கிழமை பாருங்கள். ஞாயிறு கடையெல்லாம் பூட்டிக் கிடக்கும், நம்ம ஊர் பந்த் மாதிரி.

ஆம்பூர்_ஷூ:
ஒரு ஊர்தான் என்பது சரி, ஆனால் அவ்வளவு தூரம் போய் ரோத்தன்பர்க்கை விடுவதா? தோல் வியாபார வேலையாகப் போனபோது ஒரு ராத்திரி அங்கே தங்கினேன், பகலில் திருவிழாக் கூட்டம், சாயங்காலம் டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் கிளம்பினதும் தெருவில் என் செருப்புச் சத்தம் மட்டும்தான். 1945இல் குண்டு விழுந்து இடிந்த மதிலைத் திரும்பக் கட்டப் பணம் கொடுத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டிப் பதித்திருக்கிறார்கள், நம்ம கோவிலில் உபயம் எழுதுவது போல, நின்று படித்துக்கொண்டே இருந்தேன். தங்க முடிந்தால் போங்கள். ஷ்னேபாலன் என்று மாவு நாடாவைச் சுருட்டிப் பொரித்து சர்க்கரை தூவி விற்பார்கள், ஆற்காடு மக்கன் பேடா தின்ற வாய்க்கு வெறும் மாவு.

சத்துவாச்சாரி_அக்கா:
தம்பி, முழங்கால் வலி என்றால் ரேகன்ஸ்பர்க் போங்க. மாறாமல் ஒரே ரயில், ஒன்றரை மணி நேரம். டான்யூப் ஆற்றுக்கு மேலே 12ஆம் நூற்றாண்டுக் கல் பாலம், பழைய ஊர் பெரும்பாலும் சமதரை. என் அம்மாவை அங்கேதான் கூட்டிப் போனேன், கல் பாவிய தெரு என்பதால் மெத்தென்ற செருப்பு போட்டுவிடுங்க. கழிப்பறைக்குச் சில்லறை யூரோ முந்தானையில் முடிந்தே வைக்கணும்.

காட்பாடிக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா. மாமியாரோடு ரேகன்ஸ்பர்க், அப்புறம் ஒரு சனிக்கிழமை நானும் பையனும் நோர்ட்லிங்கன். ரோத்தன்பர்க் போவதா வேண்டாமா என்பதை வீட்டுக்காரி முடிவுக்கு விட்டுவிட்டேன். ரயிலில் புளிசோறு சாப்பிட்டால் யாராவது ஏதாவது சொல்வார்களா?

பாலாற்றங்கரை:
தாராளமாகச் சாப்பிடலாம் சார். கருவாடு மட்டும் வேண்டாம்.